காத்திருந்த கல்யாண வீடியோ

திருச்செங்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, மலை முழுசாகத் தெரிகிற ஒரு வீதியில், கல்யாண வீடியோக்களுக்குள் இருந்த ஜனங்கள் ஒரு கல்யாணத்திலிருந்து எழுந்து இன்னொரு கல்யாணத்துக்கு நடந்து போய்வர ஆரம்பித்த வருஷத்தில், தெய்வசிகாமணிக்கு இடுப்பு வலி இருந்தது, வேலை இல்லாமல் இருந்தது, மகள் தேன்மலருக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது, கூடப் பிறந்த ஒரே அக்காள் வசந்தாமணி அவனோடு பேசாமல் இருந்தாள். முதல் மூன்றுக்கும் வீதியில் ஆளாளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள். நான்காவதைப் பற்றி வாயைத் திறந்தால் அது வசந்தாமணி காதுக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம்.

அது ரிக் வண்டிக்காரர்கள் வீதி. பூமியில் எங்கே ஆழ்துளை போட வேண்டுமென்றாலும் அங்கிருந்து ஒரு வண்டி கிளம்பும். ஆண்கள் ராஜஸ்தானிலோ ஒடிசாவிலோ டான்சானியாவிலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும் சமயம் பார்த்துத்தான் ஊரில் அவர்களுடைய தங்கைகளுக்கு முகூர்த்தம் அமையும். பாதிக் கிணற்றில் வண்டியை நிறுத்த முடியாது, முகூர்த்தத்தையும் நிறுத்த முடியாது. ஆகவே அந்த வீதியின் ஆம்பளைகள் பாதிக் கல்யாணங்களுக்கு டிவி வழியாகத்தான் போனார்கள், அதுவும் தாலி கட்டி, மறுவீடு முடிந்து, சில சமயம் முதல் குழந்தைக்குப் பேர் வைத்ததற்கும் அப்புறம்.

தெய்வசிகாமணியும் டான்சானியாவில் துளைத்தவன்தான். இடுப்பு கைவிட்டதும் ஊர் திரும்பி, கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் அவன் மனைவி மரகதம்தான் சொன்னாள்: "பீரோவுக்கு அடியில கேசட்டெல்லாம் பூஞ்சை புடிச்சுக் கெடக்குது. ஃபேனு சுத்துறத எண்ணுறதுக்கு அதயாச்சும் என்னன்னு பாருங்."

ஈரோட்டில் ஒரு கடையில் கொடுத்து கேசட்டுகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுக் கேசட்டுகளையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கல்யாணம், பெண் வயசுக்கு வந்ததற்குச் செய்த தெரட்டிச் சீர், காதுகுத்து, வளைகாப்பு, ஒரு ரிக் வண்டிக்குப் பூஜை போட்டது, யாருடையது என்று கடைசிவரை தெரியாத ஒரு கிடாவெட்டு. எல்லாவற்றையும் டிவியோடு இணைத்த சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றில் போட்டு, மீடியா சென்டர் என்கிற சாப்ட்வேரில் அட்டைப்படத்தோடு அடுக்கிவிட்டால், ரிமோட்டை அமுக்கி யார் கல்யாணத்துக்கு வேண்டுமானாலும் போகலாம் என்பது அவன் கணக்கு.

அந்த சாப்ட்வேருக்கு ஒரு திடமான நம்பிக்கை இருந்தது. உலகத்தில் வீடியோ என்று ஒன்று இருந்தால் அது சினிமாவாகத்தான் இருக்க வேண்டும். 'குமரவேல் திருமணம்' என்று பேர் கொடுத்தால் அது இன்டர்நெட்டில் போய்த் தேடி, பனிமலையில் ஓநாய்கள் ஒரு மனிதனைத் துரத்துகிற ஏதோ வெளிநாட்டுப் படத்தின் அட்டைப்படத்தைக் கொண்டுவந்து ஒட்டியது. எதிர்வீட்டு ரத்தினாளின் மகளுடைய தெரட்டிச் சீருக்குப் பாழடைந்த பங்களாவும் ஜன்னலில் ஒரு கையும். அதே வீதிக்காரனான குமரவேல் வந்து நின்று தன் அட்டைப்படத்தை வெகுநேரம் பார்த்தான், பக்கத்தில் நின்ற மனைவியையும் ஒருதரம் பார்த்தான், "இதை மாத்த வேண்டாமுங்கண்ணா, பொருத்தமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒவ்வொரு வீடியோவுக்கும் தனி போல்டர் போடு, பேரை எழுது, பக்கத்தில் வருஷத்தை எழுது என்று அந்த சாப்ட்வேரைச் செய்தவர்கள் விளக்கமாகவே எழுதி வைத்திருந்தார்கள். தெய்வசிகாமணி படித்தான், புரிந்தும்கொண்டான், ஆனால் கை கேட்கவில்லை. அவன் வளர்ந்த இடத்தில் ஒரு மனிதன் ஒன்று பங்காளி, இல்லாவிட்டால் மாமன் மச்சான். வருஷத்தை வைத்துச் சொந்தத்தைப் பிரித்தவர் எவரும் இல்லை. அவன் இரண்டே போல்டர் போட்டான். ஒன்று பங்காளி, மற்றது மாமன் மச்சான். அத்தனை கல்யாணங்களையும் அந்த இரண்டில் கொட்டி, இரண்டுக்கும் நடுவில் கதவு கிதவு எதுவும் வைக்காமல் விட்டான். அவ்வளவு சொந்தத்தை அப்படி ஒரே கூரைக்கடியில் விட்டால் சும்மா இருப்பார்களா என்று வீதியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

ரத்தினாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீதியே தெய்வசிகாமணி வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒரு கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அட, ரெண்டாவது எலையில உக்காந்திருக்கறது நாச்சிமுத்து மாமனில்ல? அவரு போய்ச் சேந்ததுக்கு அப்புறமேலுக்கில்ல இந்தக் கல்யாணம் நடந்துச்சு!"

"போன வாரம் குமரவேல் கல்யாணத்துல முன்வரிசையில இருந்தாரே" என்றாள் மரகதம். "அங்க போயிப் பாருங்."

போய்ப் பார்த்தார்கள். குமரவேல் கல்யாணத்தின் முன்வரிசையில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. இடம் போய்விடக் கூடாதென்று மேலே துண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"உசுரோட இருந்தப்பவே அந்த மனுசன் அழைப்பு வந்துதா வல்லியான்னு பாக்க மாட்டாரு" என்றாள் ரத்தினாள். "பந்தி போட்டாப் போதும்." ஆச்சரியம் அத்தோடு முடிந்தது. அப்புறம் பேச்செல்லாம் அந்தப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பதைப் பற்றித்தான்.

ஆனால் ஒருவர் போனால் ஊரே போகும். ஒரு கல்யாணத்தில் ஒப்புட்டு, அதாவது போளி, நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் மற்றக் கல்யாணங்களிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து அங்கே போய்விட, அங்கே மூன்றாம் பந்திக்குச் சாம்பாரில் வெந்நீர் ஊற்ற வேண்டி வந்தது, மற்ற மண்டபங்களில் ஈ ஓட்டினார்கள். குமரவேல் பதறிக்கொண்டு வந்தான்.

"அண்ணா, என்ற கல்யாணத்துல நானும் மேளகாரருந்தான் இருக்கறோம். பொண்ணையே காணமுங்."

அவன் மனைவி வாசலில் நின்றுகொண்டே பதில் சொன்னாள். "ஒப்புட்டுத் திங்கப் போயிருப்பேன். தாலி கட்டறப்ப வந்துருவேன். உங்களாட்ட நானென்ன ரிக்குக்கா போயிட்டேன்?"

கடைசியில் வீதி கூடிப் பேசி ஒரு வழக்கம் ஏற்படுத்தியது. யார் எந்தக் கல்யாணத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். அவரவர் வீட்டுத் தாலி கட்டுக்கு முன்னால் அவரவர் மண்டபத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்களும் நம்முடைய ஜனம்தானே, பாதியைக் கேட்டார்கள்.

இந்தச் சேதி டான்சானியா வரைக்கும் போயிற்று. ரத்தினாளின் மகன் பழனியப்பன் தன் தங்கை கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவன். எந்தக் கேசட்டிலும் அவன் இல்லை, ஆகவே எங்கிருந்தும் எழுந்து வர வழியில்லை. அவன் ரிக் பக்கத்தில் நின்று, தலையில் ஹெல்மெட்டும் உடம்பெல்லாம் சேறுமாக, "நாந்தானுங் பழனியப்பன்" என்று போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினான். தெய்வசிகாமணி அதைப் பங்காளி போல்டரில் போட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கை கல்யாணத்தில், பூட்ஸ் காலோடு, சிவப்புக் கம்பளத்தில் ஆப்பிரிக்கச் செம்மண் தடம் பதிய நடந்து வந்து, மாலையோடு நின்றிருந்தவள் பக்கத்தில் பழனியப்பன் நின்றான். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"குளிச்சுட்டு வந்திருக்கலாமில்ல, எரும" என்றாள் ரத்தினாள் டிவியைப் பார்த்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு.

அதற்கப்புறம் தூரதேசத்திலிருந்தெல்லாம் சேற்று முகங்கள் வரத் தொடங்கின. பல வருஷத்துக்கு முந்தைய கல்யாணங்களில் அண்ணன்களும் மச்சான்களும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

எல்லோர் கல்யாணமும் பெட்டியில் ஏறிய பிறகும் தெய்வசிகாமணி தன்னுடையதை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுத் தனியாக வைத்திருந்தான். காரணம் மரகதத்துக்குத் தெரியும்.

அவர்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுக்கு முன்னால், மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ கூறைச்சேலை உடுத்தி அவன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்தால்தான் கல்யாணம் நகரும். கூடப்பிறந்தவளுக்கு அதற்கு மேல் ஒரு கௌரவம் கிடையாது. தெய்வசிகாமணி கல்யாணத்தன்று சங்ககிரியிலிருந்து வசந்தாமணி வந்த பஸ் வழியில் நின்றுபோனது. முகூர்த்தம் நெருங்கியது. சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சரியென்று தலையை ஆட்டினான். பெரியப்பா மகள் செந்தாமரையை உட்கார வைத்துச் சீரை முடித்தார்கள். அந்த நேரத்தில் வீடியோக்காரர் கேமராவை வாசல் பக்கம் ஒருதரம் திருப்பியிருந்தார். அங்கே புழுதிக் காலோடு வசந்தாமணி வந்து நிற்பதும், மேடையைப் பார்ப்பதும், திரும்பிப் போவதும் ஒரு மூச்சு நேரம் தெரியும். அவன் கல்யாணத்தில் அவள் இருந்தது அவ்வளவுதான்.

"பெட்டியில போட்டா வீடியோவுல இருக்கற அக்காவும் கோவிச்சுட்டு வேற கல்யாணத்துக்குப் போயிருவாங்கன்னு பயம், அதானே?" என்றாள் மரகதம். அவன் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதுதான்.

தேன்மலர் கல்யாணத்துக்கு அத்தைக்காரியை நேரில் போய் அழைக்க வேண்டும். அவன் வெற்றிலை பாக்கோடு சங்ககிரிக்குப் போனான். வசந்தாமணி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பேசினாள்.

"பஸ்ஸு நின்னு போச்சு. நா நடந்தே வந்தேன், சிகாமணி. கால்மணி நேரம். எனக்காக ஒரு கால்மணி நேரம் இருக்க முடியல உன்னால. இப்ப உன்ற புள்ள கல்யாணத்துக்கு மட்டும் நா எதுக்கு?"

வெற்றிலை பாக்கு வாசற்படியிலேயே இருந்தது. அத்தை வராமல் தன் மகளுக்குத் தாலி ஏறினால் அப்புறம் இந்த ஜென்மத்தில் அக்காள் என்று ஒருத்தி கிடையாது என்று தெய்வசிகாமணிக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி வந்தான், செருப்பைக் கழற்றாமல் ஹாலுக்குள் போனான், பென் டிரைவைப் பெட்டியில் சொருகினான்.

மறுநாள் சாயந்திரம் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வசந்தாமணி வாசலில் வந்து நின்றாள், பார்த்தாள், எப்போதும் போலத் திரும்பிப் போனாள். ஆனால் இந்தத் தடவை அதைக் கண்ட செந்தாமரை, மேடையிலிருந்து மெதுவாக எழுந்து, இறங்கிப் போய்விட்டாள். பிற்பாடு வேறொரு கல்யாணத்துச் சமையல்கட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். மேடையில் சீருக்கான இடம் காலி. அருமைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, தலை நிறைய முடியும் நெற்றிப் பட்டமுமாக இருந்த அந்தப் பழைய தெய்வசிகாமணி, இல்லையென்று தலையசைத்தான். அசைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

கல்யாணம் நின்றது. வீடியோ நிற்கவில்லை. மூன்று மணி நேர வீடியோ நாளெல்லாம் ஓடியது, மறுநாளும் ஓடியது. மேளகாரர்கள் மேளத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தூங்கினார்கள். சமையல்காரர் அடுப்பை அணைப்பதும் மூட்டுவதுமாக இருந்தார். கழுத்தில் மாலையோடு சின்ன மரகதம் தோழியின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து உறங்கினாள். ஹாலில் இருந்த பெரிய மரகதம் இதைப் பார்த்துவிட்டுச் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப எனக்கு இன்னும் தாலி ஏறல?"

"அது வீடியோவுலதான் மரகதம்."

"வீடியோவுல ஏறாதது எனக்கு மட்டும் எப்படி ஏறியிருக்கும்? கல்யாணமாவாத பொண்ணுகிட்ட உங்களுக்கென்ன பேச்சு? காப்பி வேணும்னா போட்டுக் குடிங்." அவன் தலையணையைக் கொண்டுவந்து ஹாலில் போட்டாள். எதிர்ப்பட்டால் "வாங் தம்பி, எந்த ஊருங்?" என்று விசாரித்தாள். தேன்மலர், "அம்மா, அப்ப நான் யாரு?" என்று கேட்டதற்கு, "அத உங்கொப்பன்கிட்டக் கேளு. வெளியில சொல்லிராத, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ரொம்பக் கட்டுப்பாடு" என்றாள்.

எட்டு மைல் தள்ளி இருந்தாலும் இந்த மாதிரிப் பேச்சு சங்ககிரிக்குப் போய்ச் சேர வெகுநேரம் பிடிக்காது. ஒருநாள் காலையில் வசந்தாமணி வந்தாள். தம்பி கட்டிய வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. யாரையும் பார்க்காமல் நேராகப் போய் டிவிக்கு முன்னால் சோபாவில் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் எனக்காகக் காத்திருக்குதுன்னாங்க?"

"ஆமாக்கா" என்றான் தெய்வசிகாமணி.

பார்த்தாள். மண்டபத்தில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. மற்றக் கல்யாணங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து சேர்ந்து, அவர்களும் சேர்ந்து காத்திருந்தார்கள். பழனியப்பன் பூட்ஸ் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். நாச்சிமுத்து மாமன் எங்கோ ஒரு பந்தியை விட்டுவிட்டு வந்திருந்தார். முகத்தில் அந்தத் தியாகம் தெரிந்தது.

"காப்பி குடு, மரகதம்" என்றாள் வசந்தாமணி. காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். சாயந்திரம் வரை இருந்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள், அதே சோபா, அதே காப்பி. அத்தனை பேர் தனக்காக உட்கார்ந்திருப்பதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள், "மேளகாரன் எளச்சுப் போயிட்டான் பாரு" என்று மட்டும் சொல்வாள்.

குமரவேலுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங், அந்தம்மா வேணும்னேதான பண்ணுது?"

"பண்ணட்டுமே" என்றாள் ரத்தினாள். "ரொம்ப நாளாச்சில்ல, அனுபவிச்சுக்கட்டும்."

தேன்மலர் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணி அக்காளுக்குப் பக்கத்தில், சோபாவின் மறு ஓரத்தில், இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பார்த்தான். ஒருநாள் அவன், "அக்கா, வாசலோட திரும்பிப் போன அந்தச் சின்ன வயசு அக்காவத் தேடிப் பாக்கட்டா? ஏதாச்சும் ஒரு கல்யாணத்துலதான் இருப்பா" என்றான்.

"எங்கயும் இருக்க மாட்டா. அவ புத்தி எனக்குத் தெரியாதா? சங்ககிரிக்கு நடந்துட்டு இருப்பா." வசந்தாமணி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவ திரும்பி வரமாட்டா, சிகாமணி. நாந்தான் போகோணும். போனுல என்னய வீடியோ எடு."

உடனே எடுக்க முடியவில்லை. முதலில் மரகதத்தின் பட்டுச்சேலையைக் கேட்டு உடுத்தினாள். தலையை வாரினாள். கேட்டில் தொடங்கி வாசல்வரை நடந்தாள். தெய்வசிகாமணி போனைப் பிடித்தபடி பின்னாலேயே நகர்ந்து வந்தான். "நரை தெரியுது, மறுபடியும் எடு" என்றாள். மறுபடியும் எடுத்தாலும் தெரிந்தது. "சரி போடு" என்றாள்.

போட்டான். வீதி முழுக்க ஹாலில். மேளகாரர்களில் ஒருவன் முதலில் விழித்துப் பக்கத்திலிருந்தவனைத் தட்டினான். மண்டபத்து வாசலில் மூக்குக்கண்ணாடியும் மூட்டு வலியுமாக ஐம்பதுகளில் இருந்த வசந்தாமணி வந்து நின்றாள். கூட்டம் வழிவிட்டது. ஒவ்வொரு படியாகப் பிடித்து மேடையேறினாள், இருபத்தாறு வயசுத் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான், என்னவோ சொன்னான். கல்யாண வீடியோவில் எப்போதும் மேலே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், பேசுவது கேட்காது.

எல்லோரும் சோபாவைப் பார்த்தார்கள். "என்ன சொன்னீங்கண்ணா?" என்றான் குமரவேல்.

தெய்வசிகாமணி இடுப்புத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "அவன் என்ன சொன்னான்னு தெரியல. நானா இருந்தா, தப்புப் பண்ணிட்டேன்க்கான்னு சொல்லியிருப்பேன்."

"அவன் அதெல்லாம் சொல்லல" என்றாள் வசந்தாமணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நடந்தா வந்தே, கால் வலிக்குதான்னு கேட்டான்."

சீர் முடிந்தது. அருமைக்காரர் கையைத் தூக்கினார், மேளம் எழுந்தது, சின்ன மரகதம் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சீக்கிரம் கட்டுங்யா, எத்தன நாளு இப்படியே இருக்கறது" என்று பெரிய மரகதம் கத்தினாள். ஹாலில் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நின்ற பிறகுதான் அட்சதை போடக் கையில் ஒன்றும் இல்லையென்று தெரிந்தது; ரத்தினாள் சமையலறைக்கு ஓடி, இட்லிக்கு அளந்து வைத்திருந்த அரிசியைப் பாத்திரத்தோடு தூக்கி வந்தாள். ஆளுக்கொரு பிடி அள்ளி டிவியின் மேல் போட்டார்கள். முதலில் போட்டவள் வசந்தாமணி. கையில் மிச்சமிருந்ததை, பக்கத்தில் நின்ற தம்பியின் வழுக்கைத் தலையில் போட்டாள், கொஞ்சம் பலமாகவே.

அரிசி சோபாவில், சட்டைக் காலரில், தரையெல்லாம்.

"இதயெல்லாம் யாரு கூட்டறது?" என்றாள் மரகதம், கழுத்துத் தாலியைச் சரிபார்த்துக்கொண்டே.

"ஏன், நா இல்லியா?" வசந்தாமணி பட்டுச்சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு சீமாறைத் தேடிப் போனாள். அந்த வீட்டில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சமையலறையில் பார்த்தாள், சாமி அறையில் பார்த்தாள், தேன்மலரின் அறைக்கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், மாடிப்படி ஏறிப் போனாள். சீமாறு ஹால் கதவுக்குப் பின்னாலேயேதான் இருந்தது, யாரும் சொல்லவில்லை.